முதல் டைக்கு இவ்வளவு விலை எதற்கு?

அமெரிக்காவில் துப்பாக்கிக் கடைக்குள் ஒரு புதியவர் நுழைந்து, "தோட்டாவை நானே நிரப்பிப் பழகலாம் என்றிருக்கிறேன், என்ன டை வாங்கலாம்?" என்று கேட்டால், பதில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வரும். காசைப் பார்க்காதே, முதலிலேயே உசத்தியானதை வாங்கிவிடு. ஒரே தடவை வாங்கு, ஒரே தடவை அழு என்று அங்கே ஒரு சொலவடையே இருக்கிறது. மைக்ரோமீட்டர் தலை வைத்த சீட்டிங் டை, புஷ்ஷிங் மாற்றிப் போட்டுக்கொள்ளும் சைசிங் டை என்று போட்டிக்காரர்களுக்காகச் செய்த செட் ஒன்று கைக்கு வரும். சாதாரண செட் சில பத்து டாலர்களில் முடிந்துவிடும். இது சுலபமாக இருநூறைத் தாண்டும். கிளப்பில் விசாரித்தாலும், பத்து வருடமாக நிரப்பிக்கொண்டிருக்கும் நண்பரிடம் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.

அந்த அறிவுரை தவறு. காசு வீணாகிறது என்பது அதில் சின்னக் குறை. பெரிய குறை, துல்லியம் டைக்குள் குடியிருக்கிறது, விலை கொடுத்தால் வெளியே வந்துவிடும் என்று அது புதியவரை நம்பவைப்பது. எதை அளக்க வேண்டுமோ அதை அளக்காமல், வாங்கிய பொருளின் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு அவர் உட்கார்ந்துவிடுகிறார்.

இந்தக் கைவேலையை அறியாதவர்களுக்குச் சுருக்கமாக: சுட்ட தோட்டாவில் குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும், மருந்தைப் பற்றவைத்த பிரைமர் செத்துவிடும். மிஞ்சுவது பித்தளைக் கூடு. அதை நெருக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புதுப் பிரைமரும் அளந்த மருந்தும் புதுக் குண்டும் வைத்தால் மறுபடி தோட்டா தயார். சொந்த உபயோகத்துக்கு இப்படிச் செய்ய அமெரிக்க மத்திய அரசின் உரிமம் எதுவும் வேண்டியதில்லை. விற்பனைக்குச் செய்தால் வேண்டும். இந்தியாவில் நிலைமை வேறு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமமில்லாமல் தோட்டா தயாரிப்பதே குற்றம். ஆகவே இது அமெரிக்காவில் துப்பாக்கி சுடும் தமிழர்களுக்கான பேச்சு. மற்றவர்கள் ஒரு தொழில்நுட்பச் சண்டையை வேடிக்கை பார்க்கலாம்.

டை என்பது ஓர் எஃகு உருளை. கூட்டை நெருக்குவது சைசிங் டை, குண்டை அமர்த்துவது சீட்டிங் டை. வெளியே மரை, உள்ளே தோட்டாக் கூட்டின் வடிவத்தில் குடைவு. அதைப் பிரஸ்ஸின் தலையில் திருகிவைத்துக் கைப்பிடியை இறக்கினால், ஷெல்ஹோல்டரில் நிற்கும் கூடு கீழிருந்து அதற்குள் ஏறும். வெளி மரை 7/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 சுற்று. லீ, ஆர்.சி.பி.எஸ்., ஹார்னடி, ரெட்டிங், லைமன், ஃபார்ஸ்டர் எல்லாருக்கும் அதே மரைதான்; .50 பி.எம்.ஜி. போன்ற பூதங்களுக்கு மட்டும் பெரிய மரை. பச்சைப் பெட்டி, சிவப்புப் பெட்டி என்று கட்சி கட்டுகிறவர்கள் இதைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். ஒரு கம்பெனியின் சைசிங் டையையும் இன்னொரு கம்பெனியின் சீட்டிங் டையையும் மூன்றாவது கம்பெனியின் பிரஸ்ஸில் திருகி வேலை பார்க்கலாம். உள்குடைவும் அவரவர் கற்பனையில் உதித்ததல்ல. 1926இல் தொடங்கிய எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. என்ற உற்பத்தியாளர் அமைப்பு தோட்டாவுக்கும் அது உட்காரும் சேம்பருக்கும் வெளியிடும் வரைபடங்களைத்தான் எல்லாரும் பின்பற்றுகிறார்கள்.

அப்படியென்றால் நல்ல தோட்டாவுக்கும் மோசமான தோட்டாவுக்கும் வித்தியாசம் எங்கே பிறக்கிறது? டையை எவ்வளவு ஆழத்துக்குத் திருகுகிறோம் என்பதில். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சண்டையின் மையமே இதுதான்.

.308 வின்செஸ்டரை எடுத்துக்கொள்வோம். அதன் சேம்பரில், கூட்டின் தோள் (உடல் கழுத்தாகக் குறுகும் சரிவு) போய் முட்டும் இடம்வரை நீளம் 1.630 அங்குலத்திலிருந்து 1.640 அங்குலம்வரை இருக்கலாம் என்கிறது தரவரைபடம். ஒரே கம்பெனி, ஒரே மாடல், இரண்டு ரைபிள்: இரண்டும் இந்த எல்லைக்குள் வெவ்வேறு இடத்தில் இருக்கலாம். டைப் பெட்டிக்குள் இருக்கும் காகிதம் சொல்வதோ எல்லாருக்கும் ஒன்றுதான். ஷெல்ஹோல்டரைத் தொடும்வரை டையை இறக்கு, பிறகு இன்னும் கால் சுற்று திருகு. பிரஸ்ஸின் நெளிவை அந்தக் கால் சுற்று விழுங்கிவிடும். டையின் அடிப்பக்கம் ஷெல்ஹோல்டரில் இறுக முட்டும். கூட்டின் தோள், டை அனுமதிக்கும் கடைசி எல்லைவரை பின்னுக்குத் தள்ளப்படும். அதனால் எந்த .308 ரைபிளிலும் நுழையக்கூடிய தோட்டா கிடைக்கும். டை செய்தவருக்கு உங்கள் ரைபிளைத் தெரியாது. எல்லாச் சேம்பருக்கும் பொதுவாக ஒன்றைச் சொல்லி அவர் தன் கையைக் கழுவிக்கொள்கிறார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

ஆனால் சேம்பர் நீளமாக அமைந்துவிட்டவரின் கதியை யோசியுங்கள். அவர் ஒவ்வொரு தடவையும் தோளைத் தேவைக்கு மேல் தள்ளுகிறார். சுடும்போது பித்தளை அந்தத் தூரத்தை நிரப்ப நீள்கிறது. நீள்வதற்கான பித்தளை கூட்டின் அடிப்பாகத்துக்குச் சற்று மேலே இருந்து போகிறது. அங்கே சுவர் மெலிகிறது. சில சுற்றுகளுக்குப் பிறகு வெளிப்புறத்தில் பளபளவென்று ஒரு வளையம் தெரியும். நுனியை வளைத்த பேப்பர் கிளிப்பை உள்ளே விட்டுச் சுவரோடு இழுத்தால் பள்ளம் தட்டுப்படும். அதையும் கவனிக்காமல் நிரப்பினால் ஒருநாள் கூட்டின் தலை தனியே கழன்றுவரும், உடல் சேம்பருக்குள் மாட்டிக்கொள்ளும். கெட்ட நேரமாக இருந்தால் சூடான வாயு சுட்டவரின் முகத்துப் பக்கம் திரும்பும். இருநூறு டாலர் டையைக் காகிதத்தில் உள்ளபடி திருகினாலும் நடப்பது இதுவேதான்.

மாற்று வழி எளியது. காலிப்பரில் மாட்டிக்கொள்ளும் ஹெட்ஸ்பேஸ் கம்பேரேட்டர் ஒன்று வேண்டும். தன் ரைபிளில் சுட்ட கூட்டில் தோள் எங்கே நிற்கிறது என்று அதைக்கொண்டு அளந்து, போல்ட் ஆக்‌ஷன் என்றால் அதைவிட 0.001 அல்லது 0.002 அங்குலம் மட்டும் தோள் பின்வாங்கும்படி டையை இறக்க வேண்டும். தானாகவே தோட்டா ஏற்றிக்கொள்ளும் ரைபிள் என்றால் 0.003, 0.004 விடலாம். அங்குலத்துக்கு 14 சுற்று மரை என்பதால் ஒரு முழுச் சுற்று சுமார் 0.071 அங்குலம், 0.001 அங்குலத்துக்கு டையை ஏறக்குறைய 5 டிகிரி திருப்பினால் போதும். மார்க்கர் பேனாவால் டையில் ஒரு கோடு, பிரஸ்ஸில் ஒரு கோடு, அவ்வளவுதான் உபகரணம். இதை மிகச் சாதாரண லீ டையிலும் செய்யலாம். தையற்காரரின் கத்தரிக்கோல் எவ்வளவு உசத்தி என்பதில் சட்டையின் பொருத்தம் இல்லை. உடம்பை அளந்தாரா என்பதில் இருக்கிறது.

சரி, புஷ்ஷிங் டைக்கு வருவோம். போட்டிக்காரர்களின் பெருமிதம் அது. சாதாரண சைசிங் டை கூட்டின் கழுத்தைத் தேவைக்கு மேல் நெருக்கிவிட்டு, உள்ளிருந்து இழுபடும் எக்ஸ்பாண்டர் உருண்டையால் மறுபடி விரிக்கிறது. பித்தளை இரண்டு தடவை அலைக்கழிகிறது. புஷ்ஷிங் டையில் நாமே ஓர் எஃகு வளையத்தைத் தேர்ந்தெடுத்து, தேவையான அளவுக்கு மட்டும் நெருக்கலாம். வளையங்கள் 0.001 அங்குல இடைவெளியில் கிடைக்கும். கழுத்து குறைவாக உழைக்கிறது, கூடு நெடுநாள் வருகிறது. இதெல்லாம் உண்மைதான், மறுக்க வரவில்லை.

ஆனால் எந்த வளையம் வாங்குவது? .308 குண்டின் விட்டம் 0.308. கழுத்துச் சுவர் 0.014 தடிப்பு என்றால் நிரப்பிய தோட்டாவின் கழுத்து 0.336, பிடிப்புக்கு 0.002 கழித்தால் 0.334 வளையம். கணக்கு எளிது, அளந்திருந்தால். புதியவர் கையில் இருப்பது என்ன? அவரே வாங்கிய இரண்டு மூன்று கம்பெனித் தோட்டாக்களின் கூடுகள், கூடவே ரேஞ்சில் பொறுக்கியது ஒரு பை. ஒவ்வொரு கம்பெனியின் சுவரும் ஒவ்வொரு தடிப்பு. ஒரே வளையத்தில் எல்லாவற்றையும் தள்ளினால், தடித்த கூடு குண்டை இறுக்கிப் பிடிக்கும், மெலிந்தது தளர்த்திப் பிடிக்கும். ஒரே கூட்டிலேயே சுவர் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருந்தால், வெளிப்புறம் வட்டமாகும். கோணல் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். இதனால்தான் புஷ்ஷிங் டையை உண்மையில் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் கழுத்துச் சுவரைக் கடைந்து சமப்படுத்துகிறார்கள். அதற்கு இன்னொரு கருவி, இன்னொரு பழக்கம், நிறையப் பொறுமை.

எல்லாரும் திட்டும் அந்த எக்ஸ்பாண்டர் உருண்டை இந்த இடத்தில் ஒரு நல்ல காரியம் செய்கிறது. சுவர் எந்தத் தடிப்பில் இருந்தாலும் கழுத்தின் உள்விட்டத்தை அது ஒரே அளவுக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறது. கலப்படக் கூடுகளோடு மல்லுக்கட்டும் தொடக்கக்காரருக்கு, விலை உயர்ந்த டையைவிட விலை குறைந்த டை பொருத்தமாக இருப்பது இதனால்தான். வெளியே வரும்போது உருண்டை கழுத்தை ஒரு பக்கமாக இழுத்துச் சாய்த்துவிடும் என்ற குற்றச்சாட்டு சரியானதே. கழுத்தின் உட்புறத்தில் கொஞ்சம் லூப், அதாவது மசகு, தடவினால் அந்தச் சாய்வு பெருமளவு குறையும். அதைச் செய்யாமல் "கீச்" என்று சத்தம் வர இழுத்துவிட்டு டையைப் பழிக்கிறவர்கள் நிறைய.

மைக்ரோமீட்டர் தலையைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. அதில் தெரியும் எண் தோட்டாவின் நீளம் அல்ல; முன்பு இருந்த இடத்திலிருந்து எவ்வளவு நகர்ந்தோம் என்பது மட்டுமே. சீட்டிங் ஸ்டெம் குண்டின் மூக்கில் எங்கே உட்காருகிறது என்பதும், குண்டுக்குக் குண்டு மூக்கு எப்படி மாறுகிறது என்பதும் அந்த எண்ணுக்குத் தெரியாது. வாரத்துக்கு நான்கு வகைக் குண்டு மாற்றுகிறவருக்கு அது வரப்பிரசாதம். ஒரே குண்டு, ஒரே மருந்து என்று ஆரம்பிக்கும் புதியவர் ஒரு தடவை அமைத்துவிட்டு அதைத் தொடப்போவதே இல்லை. மருந்தும் பிரைமரும் இல்லாமல் குண்டு மட்டும் வைத்த டம்மித் தோட்டா ஒன்றைச் செய்து பெட்டியில் போட்டுவைத்தால், அடுத்த தடவை அதைப் பிரஸ்ஸில் ஏற்றி, ஸ்டெம் குண்டைத் தொடும்வரை இறக்கினால் போதும்.

ஃபார்ஸ்டர், ரெட்டிங் செய்யும் சில சீட்டிங் டைகளில் வழுக்கி நகரும் உள்ளுறை ஒன்று இருக்கிறது. குண்டு அமரும் முன்பே கூட்டையும் குண்டையும் ஒரே நேர்கோட்டில் பிடித்துக்கொள்கிறது. அது வெறும் அலங்காரம் அல்ல, காரியத்துக்கான வடிவமைப்பு. முதல் வருடம் தாண்டி, தன் தோட்டாக்களின் சாய்வை அளந்து பார்த்து, அது பெரிதாக இருக்கிறது என்று கண்டவர் அதை வாங்கட்டும். வாஷிங்டன் மாநிலம் காஷ்மீரில் இருக்கும் எல்.ஈ. வில்சன் கம்பெனியின் கைச் சீட்டர்களையும் இங்கே சொல்ல வேண்டும். அதற்கு மரையே கிடையாது. துல்லியமாகக் கடைந்த ஓர் உருளை, ஒரு தண்டு, ஒரு சின்ன ஆர்பர் பிரஸ். மேசையில் துப்பாக்கியைத் தாங்கிவைத்துச் சுடும் பென்ச்ரெஸ்ட் போட்டிகளில் பல காலமாக மதிப்போடு புழங்கும் கருவி அது. அதன் நேர்த்திக்குக் காரணம் பாகங்களின் எண்ணிக்கை அல்ல.

பென்ச்ரெஸ்ட் என்றதும் இந்த அறிவுரை எங்கிருந்து கிளம்பியது என்பதும் புரிகிறது. பொய் சொன்னவர்கள் யாருமில்லை. போட்டிக்காரர்கள் தங்கள் அனுபவத்தை நேர்மையாகச் சொன்னார்கள். ஆனால் அவர்களுடைய சேம்பரைத் துப்பாக்கிக் கொல்லர் ஒருவர் தனியாகக் கடைந்திருக்கிறார். கழுத்துப் பகுதி இறுக்கமானது, கூடுகளின் கழுத்துகள் அதற்கேற்பச் சமப்படுத்தப்பட்டவை. கடையில் வாங்கிய .308 ரைபிளின் சேம்பரில் கழுத்து விட்டம் சுமார் 0.344. 0.336 கழுத்துள்ள தோட்டாவைச் சுற்றி 0.008 அங்குலம் வெற்றிடம். அங்கே 0.0005 அங்குல நேர்த்தியைக் காசு கொடுத்து வாங்கி என்ன செய்வது? அனுபவம் உண்மையானது, அது பிறந்த துப்பாக்கி வேறு.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பழைய நம்பிக்கை, கழுத்தை மட்டும் நெருக்கு, உடலைத் தொடாதே என்பது. உடல் சேம்பரின் அச்சாகிவிட்டது, அதை ஏன் கெடுக்க வேண்டும் என்று கேட்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ரிச்சர்ட் லீ கொண்டுவந்த, சுத்தியலால் தட்டி நிரப்பும் லீ லோடர் கழுத்தை மட்டும்தான் நெருக்கியது. அதை வைத்து எத்தனையோ பேர் மான் வேட்டையாடினார்கள். ஆனால் சில தடவை சுட்டபின் உடல் பெருத்து, போல்ட் கனமாக மூடத் தொடங்கும். அப்போது முழு நீளச் சைசிங் டை வாங்கித்தான் ஆக வேண்டும். அதுவரை கூடு ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வோர் அளவில் இருந்திருக்கிறது. சேம்பரில் உரசிக்கொண்டு உட்காரும் கூட்டைவிட, கொஞ்சம் இடம் விட்டு, தோளால் தன்னை மையப்படுத்திக்கொள்ளும் கூடு சீராக நடந்துகொள்ளும். இன்று போட்டிக்காரர்களில் பெரும்பாலோர் முழு நீளமாகத்தான் நெருக்குகிறார்கள். தானியங்கி ரைபிளுக்குக் கழுத்து மட்டும் நெருக்கிய தோட்டா போடுவது துல்லியப் பிரச்சினையே அல்ல. போல்ட் முழுதாகப் பூட்டாமல் நிற்கும் ஆபத்து. அந்த ரைபிள்காரர்களிடம் கூட்டின் அடிப்பாகத்தைக் கூடுதலாக நெருக்கும் டையைக் காட்டி "ஸ்மால் பேஸ் டை இல்லாமல் முடியாது" என்று விற்பவர்களும் உண்டு. பெரும்பாலான .223 ரைபிள்களுக்குச் சாதாரண முழு நீள டை போதும்; எவருடைய தளர்ந்த சேம்பரிலோ சுட்ட கூடுகளைப் பொறுக்கி வந்து, அவை தன் ரைபிளில் ஏறாமல் நின்றால் அப்போது அதைத் தேடலாம்.

லீ டைகளைப் பற்றிய இளக்காரத்துக்கு இங்கே ஒரு பதில் சொல்லிவிடுகிறேன். மலிவு என்பதால் மட்டம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதன் லாக் ரிங்கில் திருகு இல்லை, ரப்பர் வளையம்தான் பிடித்துக்கொள்கிறது. கழற்றி மாட்டினால் அமைப்பு நகர்ந்துவிடும். புகார் சரி. வேறு கம்பெனியின் கவ்வும் வளையத்தைச் சில டாலருக்கு வாங்கி மாட்டினால் புகாரும் தீர்ந்தது. அதே டையில் பிரைமர் தட்டும் தண்டை ஒரு காலெட் பிடித்திருக்கிறது. கூட்டுக்குள் கல் கிடந்தாலோ, நடுவில் ஒற்றைத் துளை இல்லாத பெர்டன் கூடு வந்துவிட்டாலோ ஊசி முறியாமல் தண்டு மேலே வழுக்கிவிடும். கை பழகாதவருக்கு இது பெரிய உதவி. பெரும்பாலான லீ செட்டுகளோடு ஷெல்ஹோல்டரும் சேர்ந்து வருகிறது; பல விலை உயர்ந்த செட்டுகளில் அதைத் தனியாக வாங்க வேண்டும். லீயைத்தான் வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஹார்னடியோ ஆர்.சி.பி.எஸ்.ஸோ தள்ளுபடியில் கிடைத்தால் அதுவே சரி.

உண்மையில் காசு கொடுத்து வாங்க வேண்டிய இடம் ஒன்று உண்டு, அது கைத்துப்பாக்கித் தோட்டா. 9 மி.மீ., .38 ஸ்பெஷல், .45 ஏ.சி.பி. போன்றவற்றுக்குச் சைசிங் டையின் வாயில் டங்ஸ்டன் கார்பைடு வளையம் இருப்பதாகப் பார்த்து வாங்க வேண்டும். கார்பைடு இருந்தால் கூட்டுக்கு லூப் தடவத் தேவையில்லை; நூற்றுக்கணக்கில் நிரப்புகிறவருக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பதைத் துடைத்துத் துடைத்துக் கை வலித்தவர்கள் சொல்வார்கள். பழைய எஃகு செட் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று ஏமாற வேண்டாம். அதே கார்பைடை, கழுத்து குறுகும் ரைபிள் தோட்டாவுக்கும் வாங்கிவிட்டு லூப் வேண்டாம் என்று நினைப்பது வேறொரு விபரீதம். அங்கே கார்பைடானாலும் லூப் கட்டாயம். இல்லையென்றால் கூடு டைக்குள் மாட்டி, அடியில் துளையிட்டு, மரை வெட்டி, போல்ட் போட்டு இழுக்க வேண்டிவரும். லூப் அதிகமானால் தோளில் பள்ளம் விழும். இம்பீரியல் மெழுகு ஒரு சின்ன டப்பா வாங்கி விரல் நுனியில் தொட்டுத் தடவப் பழகுவது, எந்த டையின் தரத்தையும்விட முதல் மாதத்தை நிம்மதியாக்கும்.

கைத்துப்பாக்கி டையில் புதியவரைக் குழப்புவது, கூட்டின் வாயைக் குண்டை நோக்கி மடக்கும் கிரிம்ப். 9 மி.மீ.யும் .45 ஏ.சி.பி.யும் கூட்டின் வாய் விளிம்பில்தான் சேம்பரில் முட்டி நிற்கின்றன. அதனால் டேப்பர் கிரிம்ப்தான். எக்ஸ்பாண்டர் டை விரித்த வாயை நிமிர்த்தினால் போதும். ரிவால்வரில் பாயும் .357 மேக்னத்துக்கு ரோல் கிரிம்ப். வாய் உருண்டு, குண்டின் பள்ளத்துக்குள் மடிய வேண்டும். .357 செட் ஒன்று வாங்கினால் .38 ஸ்பெஷலையும் அதிலேயே நிரப்பலாம். கூட்டின் நீளம் 1.290க்கும் 1.155க்கும் உள்ள வித்தியாசத்துக்கு டைகளை மறுபடி அமைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே. குண்டைப் பிடித்திருப்பது கிரிம்ப் என்று நினைத்து 9 மி.மீ.யை நசுக்குகிறவர்கள் கெடுதலை விலைக்கு வாங்குகிறார்கள். பிடிப்பு சைசிங்கில் கிடைத்தது. அதிகமாக அழுத்தினால் பித்தளை நிமிர்ந்து வரும், மென்மையான ஈயக் குண்டு நிமிராது, பிடிப்பு தளரும். பிடிப்புத் தளர்ந்த குண்டு, தோட்டா ஏறும்போது உள்ளே அமுங்கும். 9 மி.மீ. மாதிரிச் சின்னக் கூட்டில் குண்டு கொஞ்சம் உள்ளே போனாலும் அழுத்தம் வேகமாக ஏறும். எந்தக் கம்பெனிப் பெட்டியை வாங்கினாலும் இந்த அறிவு பெட்டிக்குள் கிடையாது.

இவ்வளவுக்கும் பிறகு ஒருவர் சொல்லலாம்: "நீங்கள் பேசிக்கொண்டே இருங்கள்; நான் உசத்தி டைக்கு மாறினேன், குறிப்பலகையில் என் குண்டுகள் விழும் குழு பாதியாகச் சுருங்கிவிட்டது." இந்தச் சாட்சியம்தான் அந்த நம்பிக்கையை உயிரோடு வைத்திருக்கிறது. எத்தனை தோட்டா சுட்டார்கள் என்று கேட்டால் மூன்று என்பார்கள், தாராளமானவர்கள் ஐந்து என்பார்கள். அதே ரைபிளில், அதே தோட்டாவை மூன்று மூன்றாகச் சுட்டுக்கொண்டே போனால் ஒரு குழு இன்னொன்றைப் போல் இரண்டு மடங்கு அகலமாக விழுவது சர்வசாதாரணம், ஒன்றையும் மாற்றாமலே. டையை மாற்றிய நாளில் சின்னக் குழு விழுந்தால் புகழ் டைக்கு. பெரிய குழு விழுந்தால் பழி காற்றுக்கு. அதோடு, இருநூறு டாலர் கொடுத்தவர் அன்றைக்கு மருந்தையும் இன்னும் கவனமாக அளந்திருப்பார், கூடுகளையும் கம்பெனிவாரியாகப் பிரித்திருப்பார், நிதானமாகவும் சுட்டிருப்பார். பத்துப் பத்தாகச் சில குழுக்கள், பழைய டையிலும் புதிய டையிலும் மாற்றி மாற்றிச் சுட்டுவிட்டு வந்து சொன்னால், உட்கார்ந்து கேட்கத் தயார்.

மிச்சமாகும் நூற்றைம்பது டாலர் எங்கே போக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நம்பகமான தராசும் அதைச் சோதிக்கும் எடைக்கற்களும் முதலில். மருந்து இரட்டிப்பாக விழுந்ததைக் கண்டுபிடிக்கும் வேலையை எந்த டையும் செய்யாது. பிறகு காலிப்பர், கம்பேரேட்டர். ஒன்றுக்கு இரண்டாக லோடிங் கையேடுகள். ஒன்றில் உள்ளதை மற்றதில் சரிபார்க்க. மிஞ்சினால் ஒரே லாட்டில் நல்ல கூடுகள் நூறு. கூடு, குண்டு, மருந்தின் எடை ஆகியவற்றின் சீர்மை குறிப்பலகையில் தெரிகிற அளவுக்கு டையின் பெயர் தெரியாது.

கடைசியாக வரும் வாதம், பின்னால் எப்படியும் உசத்தியானது வாங்கத்தானே போகிறாய், இரண்டு செலவு எதற்கு என்பது. பாதிப் பேர் வாங்கப்போவதில்லை. வேட்டைக்கும் வார இறுதிக்கும் சாதாரண டையே ஆயுள் முழுக்கப் போதும். வாங்கப்போகிற மீதிப் பேருக்கும் முதல் செட் குப்பைக்குப் போவதில்லை. ரேஞ்சில் பொறுக்கிய கூடுகளை முதல் தடவை முழுதாக நெருக்க, புது ரைபிள் வந்தால் அதற்குத் தோட்டா பார்க்க, பிரைமர் மட்டும் தட்டியெடுக்க என்று அதற்கு வேலை இருந்துகொண்டே இருக்கும். மணல் ஒட்டிய கூடுகளைத் துடைக்காமல் உள்ளே தள்ளிச் சுவரைக் கீறாதவரை டை தேய்வது அபூர்வம். தாத்தா வாங்கிவைத்த .30-06 டையைப் பேரன் இன்றைய பிரஸ்ஸில் திருகினால் அதே 7/8 அங்குல மரையில் அப்படியே ஏறுகிறது. லாக் ரிங்கில் துரு இருந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.